மாடிவீட்டுக் கிட்டார்

கண்ணில் பட்டால்தான் பொறாமை வரும் என்பார்கள். மூத்த மருமகளுக்கு அது காது வழியாக வந்தது. மாடிப்படியில் இறங்கி, சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மேலே இளையவள் கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்திருந்தாள். பெரிய மண்டபத்துக்குள் எழுந்ததுபோல அது பருத்து, நீண்டு, கடைசியில் லேசாக நடுங்கி, அடங்க மனமில்லாமல் அடங்கியது. மூத்தவளின் கை நுரைக்குள் அப்படியே நின்றுவிட்டது. கிட்டார் தெரியாதவளாக இருந்தால் 'நல்லாத்தான் இருக்கு' என்று அடுத்த தட்டை எடுத்திருப்பாள். தெரிந்தவளாயிற்றே. இந்த ஒலிக்காகத்தான் கல்லூரி நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

இரண்டு மாடி வீடு அது. கீழே மூத்த மகன், மூத்த மருமகள், அவர்களுடைய பெண், மாமியார். மேலே இளைய மகனும் இளைய மருமகளும். இளையவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை வீட்டில் கிட்டார் என்றால் மூத்தவள்தான். யார் வந்தாலும் மாமியார், "எங்க மூத்த மருமக கிட்டார் வாசிப்பா" என்று சொல்லுவாள். வாசித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். கட்டிலுக்கடியில் இருந்த, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப் பெட்டியைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். சுவிட்சைப் போட்டாலே உறுமும். "அந்த மோட்டாரை நிறுத்தும்மா, தலை வலிக்குது" என்று மாமியார் அறையிலிருந்து குரல் வரும். நிறுத்திவிடுவாள். ஆனாலும் பட்டம் அவளுடையதாகத்தான் இருந்தது.

இளையவள் வந்தபிறகு பட்டம் மாடிக்குப் போய்விட்டது. அவள் சின்னச் சின்ன விளம்பரப் படங்களுக்கு வீட்டிலிருந்தே இசை போட்டுக் கொடுப்பவள். 'அக்கா, அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் மூத்தவளுக்குப் பெரிய குறை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெண் இருக்கிறாளே, பதின்மூன்று வயது, வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், அவள் ஒருநாள் பள்ளிப்பையைக் கழற்றி வீசிவிட்டு நேராக மாடிக்கு ஓடினாள்.

"எங்கடி ஓடற?"

"சித்திகிட்ட கிட்டார் கத்துக்கப் போறேம்மா!"

நான்கு வருஷமாக மூத்தவள் கெஞ்சியிருக்கிறாள், வா, கற்றுத்தருகிறேன் என்று. இரண்டு வாரம் உட்கார்ந்தவள், விரல் வலிக்கிறது என்று எழுந்து போனவள்தான். இப்போது அந்த விரலுக்கு வலி இல்லையாம்.

"சித்திகிட்ட ஆம்ப்பே இல்ல, தெரியுமா?" இரவுச் சாப்பாட்டில் வாலு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "ஒரு குட்டிப் பெட்டியில கிட்டாரைச் சொருகினா போதும். ஆம்ப் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. எந்த ஆம்ப் வேணுமோ அதைத் தொட்டா அந்த சத்தம் வருது. ஹெட்போன் போட்டுக்கிட்டா பாட்டிக்குக்கூடக் கேக்காது."

"இதுவல்லவா புத்திசாலித்தனம்," என்றாள் மாமியார்.

மூத்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். ஆக, வித்தை கையில் இல்லை, சாஃப்ட்வேரில் இருக்கிறது. அது இருந்தால் யாரும் அப்படி வாசிக்கலாம். அப்படி நினைத்ததும் சோறு கொஞ்சம் இறங்கியது.

அவள் வேலை செய்வது பல் கட்டும் லேபில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் சுண்ணம் வார்த்து, மெழுகில் பல் செதுக்கி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி வண்ணம் ஏற்றுவாள். மறுநாள் மதிய இடைவேளையில், சுண்ணத்தூசி படிந்த விரலால் செல்போனைத் தடவி, இளையவள் வைத்திருக்கும் அதே சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்தாள். தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முடிவதற்குள் வாங்கு, வாங்கு என்று அது அவளை விரட்டியது. மேசைக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் வந்துகொண்டிருந்தார். பெயர், முகவரி, மெயில், அட்டை எண் என்று அவசர அவசரமாகத் தட்டி வாங்கிவிட்டாள். திரையில் நீளமாக ஒரு லைசென்ஸ் கோடு வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த கோடு. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். வாங்கியதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, முன்னறிவிப்பே இல்லாமல், கீழ்வீட்டிலிருந்து அந்தச் சுரம் எழவேண்டும். மாடியில் வாசிப்பு ஒரு நொடி நிற்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

குட்டிப் பெட்டி கடையிலிருந்து வந்தது. சாஃப்ட்வேரை ஏற்றினாள். ஏற்ற ஒரு சாஃப்ட்வேர், அதற்கு அனுமதி கொடுக்க இன்னொரு சாஃப்ட்வேர், அதற்குள் நுழைய ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து இல்லை என்றது. போட்டாள். குறியீடு இல்லை என்றது. போட்டாள். பழைய பாஸ்வேர்டு மாதிரி இருக்கிறது என்றது. "பழசே இல்லையேடா, இப்பதானேடா வந்திருக்கேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். ஒருவழியாக அந்த லைசென்ஸ் கோட்டைப் போட்டால், 'இந்தக் கோடு வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று வந்தது.

வேறொரு பயனர். அவள் தலை தானாக மேல்நோக்கித் திரும்பியது. கூரைக்கு மேலேதான் அந்த வேறொரு பயனர் நடந்துகொண்டிருந்தாள், செருப்புச் சத்தம் கேட்டது. இருக்காது என்று அறிவு சொன்னது. இருந்தால் என்ன என்று வயிறு சொன்னது.

ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் டெமோ ஓடும். ஹெட்போனை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினாள். வந்தது! அந்தக் கொழுத்த ஒலி காதுக்குள் வந்தேவிட்டது. கண்ணை மூடினாள். உடனே 'உஷ்ஷ்ஷ்' என்று பாம்பு சீறுவதுபோல ஓர் இரைச்சல் மேலே விழுந்து எல்லாவற்றையும் மூடியது. காசு கொடுக்காதவர்களுக்கான இரைச்சல் அது. நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தது. காசு கொடுத்தவள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்கு எழுதினாள். உதவிப் பெட்டியில் ஒரு யந்திரம் பதில் சொன்னது: 'உங்கள் மகிழ்ச்சி எங்களுக்கு முக்கியம்.' கணினியை அணைத்துப் போடச் சொன்னது. போட்டாள். இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னது. "இணைப்பு இல்லாமலா உன்கூடப் பேசிக்கிட்டு இருக்கேன்?" என்று தட்டினாள். 'உங்கள் கேள்வி புரியவில்லை' என்றது. மனிதரோடு பேசவேண்டும் என்றாள். ரசீது எண் கேட்டது. ரசீது மெயில் வரவேயில்லை. மனிதர் ஒருவர் சில வேலை நாட்களில் தொடர்புகொள்வார் என்று சொல்லி யந்திரம் விடைபெற்றது.

"மாடியில கேளேன், அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுவா," என்றான் கணவன். விஷயம் அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் ஒருத்தி கம்ப்யூட்டரைத் திட்டினால் தெரியாமல் இருக்குமா.

"நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்."

"இதுல என்ன நிக்கறது, உக்காந்தே கேக்கலாமே."

அவள் பார்த்த பார்வையில் அவன் செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

வாலு வாயில் எதுதான் தங்கும்? மறுநாளே மாடிக்குத் தகவல் போய்விட்டது. அடுத்த விடுமுறை நாள் மதியம் இளையவள் துள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னக்கா, சொல்லவே இல்ல! நீங்களும் அதையே வாங்கிட்டீங்களா? சூப்பர்க்கா! ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம்."

மூத்தவளின் முகத்தில் கல்லெறிந்த குளம் மாதிரி ஒரு சிரிப்பு வந்து கலைந்தது. இளையவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கணக்கில் நுழைந்து காட்டினாள். "இதோ பாருங்க, ஆக்டிவேட் ஆச்சுன்னா இந்த மாதிரி பேர் வரும். என்னோடது, மாடிக் கம்ப்யூட்டர் ஒண்ணு." பிறகு மூத்தவளின் லைசென்ஸ் கோட்டைப் பார்த்தாள். "ரசீது மெயில் வந்துச்சாக்கா?"

"வரல."

"அப்படின்னா வாங்கும்போது மெயில் அட்ரஸ்ல ஏதாவது எழுத்து மாத்திப் போட்டிருப்பீங்க. லைசென்ஸ் அந்தத் தப்பான பேர்ல போய் உக்காந்திருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்படித்தான்..."

அவள் செல்போன் அடித்தது. எடுத்தவள் முகம் மலர்ந்தது. "ஆமா சார்... இன்னைக்குச் சாயங்காலமா? முடிச்சு அனுப்பிடறேன் சார்." வைத்துவிட்டு எழுந்தாள். "அக்கா, பெரிய வேலைக்கா. பிஸ்கட் விளம்பரம். டியூன் பிடிச்சுப்போச்சாம், கடைசி வாசிப்பை இன்னைக்கே கேக்கறாங்க. அனுப்பிட்டு வந்து உங்களோடதைச் சரி பண்ணிடறேன்." இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

மூத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுத்து மாற்றிப் போட்டிருப்பாளாம். என் மெயில் முகவரியை எழுத எனக்குத் தெரியாது, இவள் வந்து சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவளின் கதை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறாள். குழவி எவ்வளவு வாகாகக் கைக்கு வரும் என்பது அப்போது தெரியாது.

திரையில் இளையவளின் கணக்கு திறந்தே கிடந்தது. மாடிக் கம்ப்யூட்டரின் பெயர். அதற்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான்.

அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. நீக்கிய கணினியைச் சில நாட்கள் கழித்துத்தான் மறுபடி சேர்க்கமுடியும் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படிக்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். படித்தாள். படித்துவிட்டுத்தான் 'ஆம்' என்பதைத் தொட்டாள். பிறகு கணக்கை மூடிவிட்டு, துணி மடிக்கப் போனாள். வாலு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பள்ளி வேலையைச் செய்ய ஆரம்பித்தாள்.

மேலே கிட்டார் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி எழுந்து மறுபடி நின்றது. நடுவில் மெல்லிய 'உஷ்ஷ்ஷ்'. மூத்தவளுக்கு அந்தச் சீறல் நன்றாகப் பழக்கம். போர்வையின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

போர்வை மடித்து முடிவதற்குள் இளையவள் படியில் நின்றாள். "அக்கா, எனக்கும் லைசென்ஸ் இல்லன்னு சொல்லுது! என்ன செஞ்சாலும் ஏத்துக்க மாட்டேங்குது. உங்க பழைய ஆம்ப் இருக்கே, அதைக் கொஞ்சம் தர முடியுமா? மைக் வச்சு எடுத்துப் பாக்கறேன்."

தர முடியாது என்று எப்படிச் சொல்வது? கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தார்கள். இளையவள் முன்பக்கம், மூத்தவள் பின்பக்கம். பாரம் முழுக்கக் கீழ்ப்படியில் நிற்கிறவள் மேல்தான் இறங்கும். "அக்கா, பாத்து. உங்களுக்கு இடுப்பு வலி வேற. கொஞ்சம் நில்லுங்க, மூச்சு வாங்கிக்கலாம்" என்றாள் இளையவள். பாதிப் படியில், பெட்டியை முழங்காலில் தாங்கியபடி, மூத்தவள் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

ஆம்ப் உறுமியது. மைக்கில் உறுமல்தான் முதலில் விழுந்தது, கிட்டார் அதற்குப் பின்னால் எங்கேயோ. இளையவள் கம்பெனியின் உதவிப் பெட்டியைத் திறந்தாள். 'உங்கள் மகிழ்ச்சி எங்களுக்கு முக்கியம்.' அணைத்துப் போட்டாள். இணைப்பைச் சரிபார்த்தாள். மனிதர் ஒருவர் சில வேலை நாட்களில் வருவார் என்றது யந்திரம். வேறொரு சாஃப்ட்வேரில் வாசித்து அனுப்பினாள். பொழுது சாய்கிற நேரத்தில் பதில் வந்தது. முதலில் கேட்ட ஒலி இது இல்லை, வேறு ஆள் தயாராக இருக்கிறார், பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்.

இளையவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. இந்த முகம் அழுவதைப் பார்க்க மூத்தவள் ஆசைப்பட்டிருக்கிறாள். பல்லுக்கு வண்ணம் ஏற்றும்போதுகூட நினைத்திருக்கிறாள். இப்போது அது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அழுதது. "விடு, வேற வேலை வரும்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஆம்பின் சுவிட்சை அணைத்தாள்.

மறுநாள் இளையவள் ஒரு மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கணினி நீக்கப்பட்டது என்று கம்பெனி அனுப்பிய தகவல். எந்தக் கணினியிலிருந்து நீக்கினார்கள் என்றும் போட்டிருந்தது: 'வாலு சாம்ராஜ்யம்'. கீழ்வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாலு வைத்த பெயர் அது.

இளையவள் கோபப்படவில்லை. வாலுவின் தோளில் கைபோட்டு, "நேத்து நான் கணக்கை மூடாம ஓடிட்டேன், என் தப்புதான். நீ எதையாவது தெரியாம அமுக்கிட்டியாடா?" என்று கேட்டாள்.

"இல்ல சித்தி. நான் தொடவே இல்ல."

"பரவாயில்ல. தெரியாமதானே. சித்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் தொடலன்னு சொல்றேன்ல!"

"சரி, சரி. விடு."

அந்த 'சரி, சரி' வாலுவைச் சுட்டுவிட்டது. யாரும் நம்பவில்லை என்று புரிந்துபோயிற்று. முகம் சிவந்து, அழுதுகொண்டே, "நான் பண்ணலம்மா, நீ சொல்லும்மா!" என்று அம்மாவிடம் திரும்பினாள். அம்மா இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை. "விடுடி. சித்திதான் பரவாயில்லன்னு சொல்லிட்டாளே," என்றாள்.

வாலு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இளையவள் கூப்பிட்டும் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் தானாக அம்மாவின் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "இனிமே நீயே கத்துக்குடும்மா. நான் அங்க போகல."

இதற்காகத்தானே இவ்வளவும். இலையும் போட்டுப் பரிமாறியும் ஆகிவிட்டது, சாப்பிடவேண்டியதுதான் பாக்கி. மூத்தவள் கிட்டாரை எடுத்துப் பெண்ணின் மடியில் வைத்தாள். வாலு வாசித்தாள். முதல் தப்பு வந்தது. "இல்ல, விரலை இன்னும் கிட்ட வை." மறுபடி வாசித்தாள். இரண்டாவது தப்பு. "கொண்டா, காட்டறேன்" என்று மூத்தவள் கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டினாள். நன்றாகவே காட்டினாள். நிமிர்ந்தபோது வாலு வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லு."

"நீ எப்பவும் வாங்கிடற. சின்ன வயசுலயும் அப்படித்தான். நான் ரெண்டு தப்பு பண்ணினா போதும், கிட்டார் உன் கைக்குப் போயிடும். அப்புறம் நீயே வாசிச்சுக்கிட்டு இருப்ப. சித்தி வாங்கவே மாட்டாங்க. நான் எத்தனை தப்பு பண்ணினாலும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா என்னைப் பொய் சொல்றவன்னு நினைச்சுட்டாங்க."

மூத்தவள் கிட்டாரைப் பெண்ணின் மடியில் திரும்ப வைத்தாள். வைத்த கை நகர்வதற்குள் வார்த்தை வந்துவிட்டது. "நீ பண்ணல. நான்தான் பண்ணினேன்."

வாலுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் அழுதப்ப நீ பக்கத்துலதானே நின்ன? டீ குடிச்சுக்கிட்டு?"

"ஆமா."

"ஏம்மா?"

சித்தி வாசித்தது நன்றாக இருந்தது, அதனால்தான் என்று சொன்னால் பதின்மூன்று வயதுக்கு விளங்குமா? "பொறாமை" என்றாள். பெண்ணுக்கு எதிரில் அந்த வார்த்தையைச் சொன்னபோது உடம்பில் துணி இல்லாததுபோல இருந்தது.

மாடிப்படி அன்றைக்கு நீளமாகத்தான் இருந்தது. இளையவள் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவள் உட்காரவில்லை. நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். பொடி எழுத்து வரியைப் படித்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

இளையவள் கையிலிருந்த கம்பி சுருண்டு தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வரும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாலுவை நான் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

"அதுதான்க்கா எனக்கு ஆற மாட்டேங்குது. வேலை போனா போகட்டும். அந்தக் குழந்தைகிட்ட என்னைப் போய் அப்படிக் கேக்க வச்சுட்டீங்களே." கதவைக் காட்டினாள். "கீழ போங்கக்கா. இப்ப எதுவும் பேச வேண்டாம். பேசினா நான் ஏதாவது சொல்லிடுவேன்."

மூத்தவள் இறங்கி வந்தாள். வாலு அவளைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினாள். சிறிது நேரத்தில் மாடியில் இரண்டு பேரும் அழுகிற சத்தமும் பிறகு மூக்கு சிந்துகிற சத்தமும் கேட்டன.

இளையவள் கீழே வருவது நின்றது. கஞ்சி இல்லை, 'அக்கா' இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மாமியார் கூடத்தில் வைத்துக் கேட்டாள். "என்னதான் ஆச்சு ரெண்டு பேருக்கும்?" கணவனும் இருந்தான். மறைக்க இனி என்ன இருக்கிறது, மூத்தவள் சொல்லிவிட்டாள்.

மாமியார் பொறுமையாகக் கேட்டாள். "அவ கம்ப்யூட்டர்ல இருந்ததை நீ அணைச்சுட்ட. அவ்வளவுதானே? திரும்பப் போட்டுவிட வேண்டியதுதானே?"

"நம்மால போட முடியாது அத்தை. கம்பெனிக்காரன்தான் விடணும்."

"காசு குடுத்து வாங்கினது அவதானே?"

"ஆமா."

"அப்புறம் கம்பெனிக்காரன் யாரு நடுவுல, விடறதுக்கும் பிடிக்கறதுக்கும்? சம்பந்தி வீட்டுல கூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டாங்களே!" கணவன் சிரிப்பை அடக்க இருமினான். மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ பண்ணினது தப்பு. பெரிய தப்பு. என் பேத்தி மேல பழி விழ விட்டுட்ட. அதுக்கு என்கிட்ட சமாதானம் இல்ல. அவளா இறங்கி வர வரைக்கும் காத்திரு."

காத்திருந்தாள். அதற்கிடையில் கம்பெனியிலிருந்து மனிதர் ஒருவர் மெய்யாகவே எழுதினார். வாங்கும்போது மெயில் முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, லைசென்ஸ் அந்தத் தப்பான முகவரியின் பேரில் கிடந்தது, மாற்றிவிட்டேன், சிரமத்துக்கு வருந்துகிறேன். இளையவள் சொன்னது அப்படியே. மூத்தவள் அந்த மெயிலை இரண்டு தடவை படித்தாள்.

ஆக்டிவேட் ஆனது. சீறல் இல்லை. இளையவள் பயன்படுத்தும் அதே ஆம்பைத் தேர்ந்தெடுத்து, அவள் வைத்திருக்கும் அளவிலேயே எல்லாக் குமிழையும் திருப்பிவைத்தாள். வாலு எப்போதோ உளறியிருந்த அளவுகள் அவை. அந்தச் சுரத்தைப் பிடித்தாள். பருத்தது, நீண்டது. கடைசியில் நடுங்கவேண்டிய இடத்தில் சும்மா அடங்கிப்போனது. மறுபடி பிடித்தாள். மறுபடி அப்படியே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பல்லின் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிறவளுக்கு இதுவா தெரியாமல் போகும்? கூடை நிறையப் பணத்தைக் கொட்டினாலும் அந்த நடுக்கத்தை ஆக்டிவேட் பண்ணித்தர ஒரு கம்பெனியும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவைத்தாள். பொறாமை போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். போகவில்லை. ஆனால் இப்போது அதற்குச் சரியான விலாசம் கிடைத்திருந்தது.

குளிர் விடுகிற சமயத்தில் இளையவள் ஒருநாள் கீழே வந்தாள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு. மாமியாரும் வாலுவும் கூடத்தில் இருந்தார்கள். வேறொரு விளம்பரம் கிடைத்திருந்தது. குடை விளம்பரம். படம் வந்துவிட்டது, காட்ட வந்திருந்தாள். மூத்தவளைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றாள். 'அக்கா' சேர்க்கவில்லை.

மழையில் ஒரு பெண் குடையை விரிக்கிறாள், அவ்வளவுதான் படம். பின்னால் கிட்டார். குடை விரியும் இடத்தில் அந்த நடுக்கம் வந்தது. பொறாமை மறுபடி மூத்தவளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. வழக்கம்போலத்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள். உண்மையாகவே சொன்னாள். பிறகு வாய் சும்மா இருந்தால்தானே. "அந்த ரெண்டாவது திருப்பத்துல மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

வாலு பயந்துபோய்ச் சித்தியைப் பார்த்தாள். மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இளையவள் படத்தைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆமாக்கா," என்றாள். "விளம்பரக்காரங்ககிட்ட நானும் சொன்னேன், வேற ஒண்ணு வாசிச்சுத் தரேன்னு. அவங்க இதையே வச்சுக்கிட்டாங்க."